ஆங்கிலக் கட்டுரையில் வாதத்தைக் கட்டியெழுப்புதல்
கிழக்கிலங்கையின் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகக் கல்வியைத் தொடங்கும் மாணவர், ஆங்கிலக் கட்டுரைக்காக முதலில் தேட வேண்டியது கடினமான சொற்களையல்ல, பிறர் மறுக்கக்கூடிய தெளிவான ஒரு கூற்றையே. "மட்டக்களப்பு வாவி அழகானது" என்பதில் வாதிட எதுவுமில்லை. "வாவியின் மீன்வளத்தைக் காப்பதற்குக் கண்டல் காடுகளை மீளமைப்பது மீன்பிடித் தடையைவிடப் பயனுள்ளது" என்பதோ சான்றுகளைக் கோருகிறது. அக்கூற்றை முன்னுரையின் இறுதியில் ஒரே வாக்கியமாக நிறுத்தி, ஒவ்வொரு பந்தியையும் அதற்கான ஒரு காரணத்துடன் தொடங்கி, சான்றைத் தந்தபின், அது கூற்றை எவ்வாறு தாங்குகிறது என்பதையும் விளக்குங்கள். பலர் விட்டுவிடுவது இந்த விளக்கத்தைத்தான், அதுவே கட்டுரையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. don't, can't போன்ற பேச்சுவழக்குச் சுருக்கங்களைத் தவிருங்கள். திருத்தும்போது முதலில் வாதத்தின் ஒழுங்கையும், பின்னர் எழுவாய்க்கும் வினைக்கும் இடையிலான பொருத்தத்தையும், இறுதியாக மேற்கோள்களின் மூலங்களையும் சரிபாருங்கள்.