ஆண்டிறுதியில் ஆசிரியர் தமக்காக எழுதிக்கொள்ள வேண்டிய குறிப்பேடு

ஏப்ரல் மாதக் கடைசி நாள்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மேசையில் மதிப்பெண் பட்டியல், தேர்ச்சி அறிக்கை, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என எல்லாம் ஒருசேரக் குவிகின்றன. இவற்றில் எதுவும், இந்த ஆண்டு நான் செய்த வேலையால் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை. அந்த விடையை ஆசிரியர் தாமே எழுதிக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. மனநிறைவையோ சலிப்பையோ எழுதாமல், கண்ணால் கண்ட சான்றை மட்டும் எழுதுவது அதன் அடிப்படை.

இதற்கான ஏற்பாட்டை ஜூன் மாதத்திலேயே தொடங்க வேண்டும். குழந்தைகளின் முதல் மாதக் குறிப்பேடுகள் ஏப்ரல் வரை தங்குவதில்லை. அட்டை கிழிந்து, தாள்கள் கப்பலாகி மறைந்துவிடும். எனவே பள்ளி திறந்த சில வாரங்களுக்குள் ஒவ்வொரு குழந்தையின் எழுத்திலும் கணக்கிலும் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டிறுதியில் மூன்று குழந்தைகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் மதிப்பெண் வாங்கும் குழந்தை வேண்டாம்; யார் நடத்தியிருந்தாலும் அது கற்றிருக்கும். நன்கு முன்னேறிய ஒருவர், நின்ற இடத்திலேயே நின்ற ஒருவர், பெயரை நினைவுக்குக் கொண்டுவரவே உங்களுக்குச் சற்று நேரம் பிடித்த ஒருவர் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாமவரைப் பற்றி எழுதுவதுதான் கடினம். அதனாலேயே அவரைத் தவிர்க்கக் கூடாது.

எழுதும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. ஆனால் அக்குழந்தை, 2-இலிருந்து 7 போகாது என்பதைக் கண்டு, பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம் முன்பு சொல்லிக்கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்து, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துத் தனிக் குச்சிகளோடு சேர்க்கச் சொல்வார். பன்னிரண்டு குச்சிகளிலிருந்து ஏழையும் மீதி நான்கு கட்டுகளிலிருந்து இரண்டையும் எடுத்த பிறகு 25 என்ற விடையைக் குழந்தையே எண்ணிச் சொல்லும். குறிப்பேட்டில் எழுத வேண்டியது இவ்வளவே: ஆகஸ்டில் கடன் வாங்கிக் கழித்தலில் 35 என்று எழுதினான், குச்சிக் கட்டுகளைப் பிரிக்கவைத்தேன், பிப்ரவரியில் குச்சி இல்லாமலேயே செய்தான். ‘கணிதத்தில் ஆர்வத்தை வளர்த்தேன்’ என்று எழுதினால், அடுத்த ஆண்டு படிக்கும்போது உங்களுக்கே அது எதையும் நினைவூட்டாது.

தொடக்க வகுப்புகளில் வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் கற்பிப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஒரு குழந்தை அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தது பதிவேட்டில் தெரியும். எதனால் வந்தது என்பது தெரியாது. அந்த ‘எதனால்’ உங்கள் குறிப்பேட்டுக்கு உரியது.

அடுத்து, உங்களுக்குச் சேராத பங்கையும் எழுதுங்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒரு குழந்தை நேரத்துக்கு வரத் தொடங்கியிருக்கலாம். வீட்டில் பாட்டி தினமும் வாசிக்கவைத்திருக்கலாம். இதை ஒப்புக்கொண்ட பின் மிஞ்சுவதே உங்கள் உழைப்பின் பயன். அது சிறியதாகத் தெரிந்தாலும் உறுதியானது.

பலன் என்ற தலைப்பில் சம்பளத்தையும் தயங்காமல் எழுதலாம்; குடும்பம் நடத்தும் ஒருவர் அதை மறைத்துத் தொண்டு என்று மட்டும் எழுதுவது போலித்தனம். செப்டம்பர் 5-ஐ ஒட்டித் தரப்படும் நல்லாசிரியர் விருதைப் பெரும்பாலோர் பெறாமலேயே ஓய்வு பெறுகிறார்கள் என்பதால், அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

நோக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுத உட்கார்ந்தால் ‘முழுமையான ஆளுமை வளர்ச்சி’ போன்ற சுற்றறிக்கை வாசகங்களே பேனாவில் வரும். மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதி முடித்த கை, ‘மூன்றாம் வகுப்பை விட்டுப் போகும் எவரும் பேருந்தின் பெயர்ப்பலகையை யாரிடமும் கேட்காமல் படிக்க வேண்டும்’ என்று எழுதும். அந்த வாசகத்தை வைத்து அடுத்த ஜூனில் பாடக்குறிப்பு எழுத முடியும்.

எழுதியவற்றில் கற்றல் தொடர்பான பகுதியை மட்டும் படியெடுத்து, அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். வீட்டுச் சண்டை, நோய், சாதி, தந்தையின் குடிப்பழக்கம் ஆகியவை அந்தத் தாளில் இடம்பெறக் கூடாது. ஈராசிரியர் பள்ளியில் அடுத்த ஆண்டும் அதே குழந்தைகள் உங்களிடமே வருவார்களானால், தாளைப் பீரோவில் வைத்து, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் எடுத்துப் படியுங்கள். நின்ற இடத்திலேயே நின்ற அந்தக் குழந்தைக்கு முதல் வாரத்தில் என்ன செய்யலாம் என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.