பழைய வீடியோ டெக்: சரிசெய்வதா, மாற்றுவதா?

"புதுசே வாங்கிடலாம்" என்பவர்களுக்கு ஒரு சேதி. வீடியோ டெக் தயாரிப்பில் கடைசிவரை இருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இப்போது மாற்றுவது என்றால், இன்னொருவர் வீட்டுப் பரணில் கிடந்த டெக்கை வாங்குவதுதான். அதன் ரப்பருக்கும் உங்கள் டெக் ரப்பருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அதனால் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

1. சோதனைக் கேசட்

கல்யாணக் கேசட்டைப் போட்டுச் சோதிக்காதீர்கள். போனாலும் அழாத ஒரு கேசட்டை எடுங்கள். அதன் ஜன்னல் வழியே நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதுவும் வேண்டாம். பூஞ்சை, நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

2. படம் முழுக்கப் புள்ளியா?

டிராக்கிங்கை, அதாவது ஹெட்டை நாடாவில் பதிந்த தடத்தோடு பொருத்தும் பட்டனை, திருப்பிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சற்றுச் சாய்ந்தபடி பளபளவென்று ஒரு டிரம் இருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டெக்கில் இது நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். வீடியோ ஹெட்கள் இதன் விளிம்பில்தான், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில் இருக்கின்றன.

வெள்ளைத்தாளை விரலகலத்துக்குக் கிழித்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். டிரம்மின் பக்கவாட்டில் தாளை அசையாமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மின் உச்சியை மெதுவாகச் சுற்றுங்கள். தாளில் பழுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம்! தாளை மட்டும் மேலும் கீழும் தேய்த்துவிடாதீர்கள், ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது; இழை மாட்டி ஹெட்டைப் பெயர்த்துவிடும்.

தாள் வெளுப்பாகவே வந்தும் புள்ளி போகவில்லையா? ஹெட் தேய்ந்திருக்கலாம். அதற்குச் செலவழிப்பதைவிட வேறு டெக் தேடுவேன்.

3. நாடாவைச் சாப்பிடுகிறதா?

பயமுறுத்தும் கோளாறு, ஆனால் நம்பிக்கை உள்ளது. ஓடி வரும் நாடாவைச் சுருட்டும் சக்கரம் நின்றுபோனால் நாடா உள்ளேயே குவிந்து சிக்கும். காரணம் பெரும்பாலும் தொய்ந்த பெல்ட், அல்லது அந்தச் சக்கரத்தைச் சுழலவைக்கும் ஐட்லர் என்ற சின்னச் சக்கரத்தின் வழவழத்துப்போன ரப்பர். தயங்காமல் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருந்தால் கதை வேறு. அதே மாடல் டெக் இன்னொன்றிலிருந்துதான் பிடுங்க வேண்டும்.

4. உயிரே இல்லையா?

பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) காய்ந்திருக்கலாம். பாகம் மலிவு, ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும். நீங்கள் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

5. கேசட்டை எண்ணுங்கள்

இருப்பது பத்துக் கேசட், கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும் என்றால், டெக் அத்தனை மணி நேரம் தாங்கினால் போதும். வேறு டெக் வாங்குவதானால், "ஓடுது" என்ற வார்த்தையை மட்டும் நம்பாமல் பிளே, ரீவைண்ட், எஜெக்ட் மூன்றையும் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். வெளியே வந்த கேசட்டின் முன்மூடியைத் திறந்து, நாடா கசங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.