சாடியில் காய்க்கும் மிளகாய்: எது எது, எப்போது பறிப்பது?

திருகோணமலையில் வீட்டு முற்றத்துச் சாடிகளில் மூன்று நான்கு வகை மிளகாயை ஒன்றாக வைத்துவிட்டு, எது எது என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். காயைப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சின்னதாய், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் அது பெரும்பாலும் கொச்சி. வெளிர்பச்சையாய், நீளமாய், தடித்துத் தொங்கினால் கறிமிளகாய். மெல்லிசாய்க் கரும்பச்சையில் தொங்குவது வழக்கமான பச்சைமிளகாய்.

கறிமிளகாயைப் பளபளப்பாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள். பச்சைமிளகாயும் அப்படித்தான். பழுக்க விட்டால் செடி புதுப் பூ விடுவது குறைந்துவிடும். விதைக்கோ வற்றலுக்கோ வேண்டுமென்றால் மட்டும் நன்றாகச் சிவக்கும்வரை விடுங்கள்.

பறிக்கும் விதம்தான் முக்கியம். காயைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். மிளகாய்க் கொப்பு சட்டென்று முறியும்; அதிலிருந்த பூவும் பிஞ்சும் சேர்ந்தே போய்விடும். ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு, காம்போடு சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். காம்பு இருந்தால் காய் சீக்கிரம் வாடாது.

வெக்கையான, வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் சாடி மண் மத்தியானத்துக்குள் காய்ந்து, பூ கொட்டும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் இல்லையென்றால் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம், கொச்சி நறுக்குமுன் கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், எரிவு அவ்வளவாகப் பிடிக்காது.