வயலின் பிருடை வழுக்கியபோது

குழு, வாகனம் எதுவும் இல்லாமல் தனியாக வாசிக்கும் வயலின் கலைஞன் நான். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு இசைவிழாவுக்கு இரவுப் புகையிரதத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் சுருதி சேர்த்தால் பஞ்சமக் கம்பியை முறுக்கும் மரத் திருகான பிருடை நிற்கவே இல்லை. கையை எடுத்ததும் விர்ரென்று சுழன்று கம்பி தொய்ந்தது.

காரணம் காற்றுதான். வாவிக்கரையின் ஈரத்தில் உப்பியிருந்த மரம் குளிரூட்டிய மண்டபத்தின் வறட்சியில் சுருங்கி, துளைக்குள் பிடிப்பை இழந்துவிடுகிறது.

பிருடையை உருவிப் பார்த்தேன். துளையில் உரசும் இடத்தில் இரண்டு வளையங்கள் பளபளத்தன. அவற்றின் மேல் வெண்கட்டியை லேசாகத் தேய்த்தேன். அதிகம் தேய்த்தால் துளை அரிபடும். கம்பியின் கடைசிச் சுற்று, பிருடையின் பிடி இருக்கும் பக்கத்து உட்சுவரை ஒட்டி வரும்படி சுற்றி, உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகினேன். கச்சேரி முடியும்வரை அசையவில்லை!

ஊர் திரும்பியதும் அதே பிருடை இறுகக்கூடும். அப்போது காய்ந்த சவர்க்காரம் போதும். பயணத்துக்காக நான்கு கம்பிகளையும் ஒன்றாகத் தளர்த்திவிட மட்டும் வேண்டாம். கம்பிகளைத் தாங்கும் குதிரை சரிந்து, வயலினுக்குள்ளே நிற்கும் குச்சியும் விழுந்துவிடக்கூடும்.