மேடைக்கு முன்னால் நிற்பது எப்படி: முதல்முறை இசை விழாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஈஸ்டர் லீவு வந்தால் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இசிபிங்கோ அல்லது மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பும். அதே நாட்களில் ஒரு சின்னக் கோஷ்டி மட்டும் கூடாரத்தையும் கூலர் பாக்ஸையும் காரில் ஏற்றிக்கொண்டு அண்டர்பெர்க் பாதையைப் பிடிக்கும். அங்கே டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில் நடக்கிறது ஸ்ப்ளாஷி ஃபென் இசை விழா. 1990-இல் தொடங்கியது, தென்னாப்பிரிக்காவில் நீண்ட காலமாக நடந்துவரும் இசை விழா இதுதான். நான் அந்தச் சின்னக் கோஷ்டியில் ஒருவன்.

டிக்கெட் வாங்குவது, கூடாரம் அடிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கூட்டத்தில் நிற்பது பற்றி மட்டும். இங்கே வேலைக்கு வந்த நண்பர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் அடிபடுகிற விஷயம் இதுதான். கூட்டம் நமக்குப் புதிதா என்று கேட்பார்கள். புதிதில்லைதான், ஆனால் நமக்குப் பழகிய கூட்டம் வேறு ரகம். கோயில் கூட்டம் நகரும். நீங்கள் சாமியைப் பார்த்துவிட்டு நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இடம். அதனால் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லி முன்னால் போவது அங்கே தப்பே இல்லை. மேடைக்கு முன்னால் இருக்கிற கூட்டம் நகராது. ஒருவர் மூன்று மணிக்கே வந்து நின்ற இடத்தில்தான் ஏழு மணிக்கும் நிற்பார். அங்கே நீங்கள் முன்னால் போனால் அவருடைய இடத்தை எடுத்துக்கொண்டதாக அர்த்தம். கீழே வருகிற அத்தனையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

படி 1: பாட்டு தொடங்கும் முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள்

மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில் சவுண்ட் மிக்ஸர் வைத்த ஒரு கூடாரம் இருக்கும். சுற்றிலும் இரும்புத் தடுப்பு போட்டிருப்பார்கள். ஒலியைச் சரிசெய்கிறவர் உட்கார்ந்திருக்கும் இடம் அது. அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். ஆகவே அதை ஒட்டி நின்றால் நல்ல ஒலி நிச்சயம். சாய்ந்துகொள்ளத் தடுப்பு இருக்கிறது, போய்வர வழியும் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு அதன் இடது மூலை அல்லது வலது மூலை. முன்வரிசை ஆசையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவையுங்கள்.

ஆறடிக்கு மேல் உயரம் இருப்பவர்கள் தடுப்புக்கு முன்னால் நிற்காமல் ஓரமாக நிற்பது நல்லது. சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் உங்கள் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கப் போகிறவரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை இங்கே செல்லாது. இரண்டு பேர் வந்து பத்துப் பேருக்கான கம்பளத்தை விரித்துவிட்டு உட்காருவதைப் பகலில் யாரும் கேட்க மாட்டார்கள். மாலையில் கூட்டம் சேர்ந்ததும் அந்தக் கம்பளத்தின் மேலேயே நடப்பார்கள், பிறகு நமக்குக் கோபம் வரும். இருட்டுவதற்கு முன் மடித்துவிடுங்கள்.

படி 2: என்ன எடுத்துப் போவது

காது அடைப்பான் கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்ச அளவு 15 நிமிட சராசரிக்கு 100 டெசிபல். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதையும் தாண்டலாம். மருந்துக் கடையில் விற்கிற நுரை அடைப்பான் தூங்குவதற்குத்தான் லாயக்கு, அதைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டால் போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். வடிகட்டி வைத்த சிலிக்கான் அடைப்பான் வாங்குங்கள். குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடுகிற மஃப்.

முதுகுப் பை வேண்டவே வேண்டாம். நீங்கள் திரும்பும்போது அது பின்னால் இருப்பவர் முகத்தில் இடிப்பது உங்களுக்குத் தெரியாது. இடுப்பில் கட்டி முன்பக்கம் தள்ளிக்கொள்கிற சின்னப் பை போதும்.

குடை வேண்டாம், மழைக்கோட்டு. மலையில் அந்த மாதத்தில் மதியம் வெயில் அடித்துவிட்டுச் சாயங்காலம் இடி இடிக்கும், ராத்திரி நடுங்கும். கம்பூட்ஸ் (உயரமான ரப்பர் பூட்ஸ்) இருந்தால் சேறு பற்றிக் கவலை இல்லை.

நெற்றி விளக்கு எடுத்தால் சிவப்பு ஒளி உள்ளதாக எடுங்கள். வெள்ளை ஒளியை நெற்றியில் கட்டிக்கொண்டு பேசுகிறவர் எதிரில் நிற்பவரின் கண்ணைக் கூச வைத்துக்கொண்டே இருப்பார்.

படி 3: கூட்டத்துக்குள் போவதும் வெளியே வருவதும்

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். எல்லாச் சண்டையும் இதில்தான் ஆரம்பிக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எதைச் செய்யக்கூடாது என்று பாருங்கள். எட்டுப் பேர். ஒருவர் தோளில் ஒருவர் கை. முதல் ஆள் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே உடம்பை நுழைக்கிறான். அவன் நுழைந்த இடைவெளி மூடுவதற்குள் இரண்டாமவள், மூன்றாமவன். கூட்டம் நெருக்கமாகிற இடத்தில் முதல் ஆள் நின்றுவிடுகிறான். பின்னால் ஏழு பேர் அப்படியே நிற்கிறார்கள், அதுவும் ஒரு குள்ளமான அம்மாவின் மூக்குக்கு நேராக. ஐந்தாவது ஆள் கையில் நான்கு பிளாஸ்டிக் கோப்பை, அதில் ஒன்று அந்த அம்மாவின் சட்டையில். "எங்க ஃப்ரெண்டு முன்னாடி நிக்கிறான்" என்று எட்டாவது ஆள் சொல்கிறார். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த கூட்டம் அது. உண்மையாகவே ஃப்ரெண்டு நின்றாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பாட்டுக்குழு முடிந்து அடுத்தது வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் நகருங்கள், அப்போது பாதிக் கூட்டம் எப்படியும் கலையும். நடுவிலே பிளந்துகொண்டு போகாமல் ஓரத்தில் நடந்து, உங்கள் வரிசைக்கு நேராக வந்ததும் பக்கவாட்டில் உள்ளே நுழையுங்கள். பக்கவாட்டில் போனால் யாருடைய முன்னாலும் நிற்கப் போவதில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். முறைப்பு பாதியாகக் குறையும். இரண்டு பேருக்கு மேல் ஒன்றாகப் போகாதீர்கள். கையில் கோப்பை இருந்தால் ஒன்று அல்லது இரண்டு, மார்புக்குக் கீழே பிடியுங்கள்.

யாருடைய தோளையும் இடுப்பையும் தொட்டு விலக்கக்கூடாது. கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டினால் அவர்களே திரும்பிக்கொள்வார்கள். நீங்கள் வழிவிடுகிறவராக இருந்தால் பின்னால் அடி எடுத்து வைக்காதீர்கள், உடம்பை ஒருக்களித்தால் போதும்.

வெளியே போவது சுலபம். திரும்பி வருவதுதான் பாடு. இருட்டில் எல்லா முதுகும் ஒன்று போலவே இருக்கும். போன் செய்யலாம் என்று நினைப்பீர்கள். அவ்வளவு பேர் ஒரே செல்போன் கோபுரத்தில் தொங்கும்போது செய்தி அரை மணி கழித்து வந்து சேரும். அதனால் கிளம்புவதற்கு முன் நகராத இரண்டு பொருள்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு இடது பக்கம், ஒன்று பின்னால். விளக்குக் கோபுரம், மிக்ஸர் கூடாரத்தின் மூலை, உணவுக் கடையின் பலகை, எதுவானாலும். யாரோ தூக்கிப் பிடித்திருக்கும் கொடியை அடையாளம் வைக்காதீர்கள், அவரும் கழிப்பறைக்குப் போவார்.

நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பினால், அது முடியும் வரை வெளியிலேயே நில்லுங்கள். இடம் போனால் போகட்டும்.

படி 4: போன், பேச்சு, கூடப் பாடுவது

ஒரு பாட்டை வீடியோ எடுங்கள், போதும். போனை உங்கள் முகத்துக்கு முன்னால் பிடியுங்கள், தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருக்கிற பத்துப் பேரும் உங்கள் திரையைத்தான் பார்க்க வேண்டும். ஃப்ளாஷை அணையுங்கள், அந்த ஒளி மேடை வரைக்கும் போகாது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு "தெரியுதா, தெரியுதா" என்று கத்துவது நம் ஊர்ப் பாடகர்கள் டர்பனுக்கு வரும்போது நடக்கிற தனிக் கூத்து. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, இரைச்சல்தான் கேட்கும்.

பேச வேண்டுமானால் பின்னால் போய்விடுங்கள். டிரம்ஸ் அதிரும்போது யாருக்கும் பிரச்சினை இல்லை. தனியாக ஒரு கிதாரோடு ஒருவர் பாடும்போது உங்கள் ஆபீஸ் கதை மூன்று வரிசைக்குக் கேட்கும்.

2000-இல் தொடங்கிய கேப் டவுன் ஜாஸ் விழா போன்ற இடங்களில் ஒரே நேரத்தில் பல மேடைகளில் நிகழ்ச்சி இருக்கும். பாதியில் எழுந்து வேறு மேடைக்குப் போவது அங்கே சகஜம். அப்படிப் போகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே ஓரத்தில் நின்றுவிடுங்கள்.

படி 5: தொந்தரவு செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது

பாட்டின் நடுவில் சொல்லாதீர்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில், பக்கத்தில் வந்து, முதலில் வணக்கம் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் "ஹலோ, எப்படி இருக்கீங்க" கேட்காமல் நேரடியாக விஷயத்துக்கு வந்தால் பெட்ரோல் பங்கில்கூட முகம் மாறும். பிறகு அவர் செய்கிற தப்பைச் சொல்லாமல் உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள்: "என் மகளுக்கு மேடை தெரியவில்லை, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர முடியுமா?" பத்தில் எட்டுப் பேர் உடனே நகர்ந்துவிடுவார்கள். குடித்திருக்கிறவரிடம் இதெல்லாம் செல்லாது, நீங்கள் நகர்ந்துவிடுங்கள் அல்லது பாதுகாப்பு ஆளிடம் சொல்லுங்கள். தமிழில் திட்டினால் யாருக்கும் புரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். டர்பன் இது.

படி 6: நெருக்கம் கூடினால்

இது மரியாதை பற்றியது மட்டுமில்லை. 2000 மார்ச் 24 அன்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் த்ராப் நைட் கிளப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பகல் நேர டிஸ்கோ நடந்தது. உள்ளே யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டை வெடிக்க, எல்லோரும் வாசலை நோக்கி ஓடியதில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்தவர்களில் 43 பேர் நெரிசலில் இறந்தார்கள். விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென 2010-இல் இந்த நாட்டில் தனிச் சட்டம் வந்ததற்கு எல்லிஸ் பார்க்கும் ஒரு காரணம்.

நெரிசலில் மிதிபட்டுத்தான் சாவார்கள் என்று நினைக்கிறோம். நின்றபடியே மார்பு அழுந்தி, மூச்சு இழுக்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் கையில் இல்லை. கையை மார்புக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர் போல மடித்து வையுங்கள், மூச்சு விட இடம் கிடைக்கும். தள்ளு வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதன் போக்கில் போய், அது தணிகிற நொடியில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த போனைக் குனிந்து எடுக்காதீர்கள். விழுந்த ஆளை உடனே தூக்குங்கள்.

பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு அது சின்னத் தள்ளு. முன்னால் இரும்புத் தடுப்பில் ஒட்டி நிற்பவருக்கு அத்தனை பேருடைய சின்னத் தள்ளும் சேர்ந்து வருகிறது. முன்வரிசையில் கையசைத்து உதவி கேட்டால் அதை நடனம் என்று எடுத்துக்கொள்ளாமல் பின்னால் நகருங்கள்.

படி 7: கூடாரத்துக்குத் திரும்பியபின்

கார் ஹெட்லைட்டை அணைக்கவும். கூடாரக் கயிற்றில் வெள்ளைத் துணி கட்டவும், இருட்டில் தடுக்கி விழுவது அடுத்த கூடாரத்துக்காரர்தான். ப்ராய் (திறந்தவெளியில் கறி சுடுவது) நெருப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கவும். ஆற்றில் சோப்பு வேண்டாம். மட்டன் கறி கொண்டுபோனால் கொஞ்சம் அதிகமாகவே கொண்டுபோங்கள், பக்கத்துக் கூடாரத்தோடு சமாதானமாக இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

பிற்சேர்க்கை

முதலில் எழுதியபோது விட்டுப்போனவற்றைப் படித்தவர்கள் கேட்டிருந்தார்கள்.

குழந்தையைத் தோளில் தூக்கலாமா? ஒரு பாட்டுக்குத் தூக்கலாம், மிக்ஸர் கூடாரத்துக்குப் பின்னால் நின்றால் எவ்வளவு நேரமும் தூக்கலாம்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சில விழாக்களில் உயரமான மேடை போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் காலியாக இருக்கிற இடம் நமக்காக விட்டது இல்லை.

நெரிசலில் கை போடுகிறவர்கள் பற்றி இரண்டு பெண்கள் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இப்படி நடப்பதைப் பார்த்தால் முதலில் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்: "இவர் உங்களோட வந்தவரா?" இல்லை என்றால் இடையில் போய் நின்றுகொண்டு, அவருக்குத் துணைக்கு ஒருவரை வைத்துவிட்டு, பாதுகாப்பு ஆளிடம் சட்டை நிறம், நின்ற இடம் இரண்டையும் சொல்லுங்கள். "அங்கே ஒருத்தன்" என்று சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், கூட்டத்தை விட்டு வெளியே வர மட்டும் வழி செய்துகொடுங்கள்.

நாற்காலி பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் உள்ள தாழ்வான மடக்கு நாற்காலி வாங்குங்கள், கோப்பை வைக்கிற கைப்பிடி உள்ள பெரிய நாற்காலி கூடாரத்துக்கு. முன்னால் எல்லோரும் எழுந்து ஆடத் தொடங்கியபின் "உட்காருங்க" என்று கத்துவதில் பலன் இல்லை, நாற்காலியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்துகொள்ளுங்கள்.