பழைய மசில் கார் ஷோரூம்களின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

நடுத்தர அளவு காரில் பெரிய எஞ்சினை வைத்து, இளைஞர்கள் வாங்கும் விலையில் விற்ற காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1964-இல் போன்டியாக் ஜிடிஓ வந்ததிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அதை மசில் கார் காலம் என்பார்கள். கார்களைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். விற்ற உள்ளூர் டீலர்களில் சிலருடைய பெயர்தான் நிலைத்தது: பென்சில்வேனியா கேனன்ஸ்பர்க்கின் யென்கோ செவ்ரோலே, மிச்சிகன் ராயல் ஓக்கின் ராயல் போன்டியாக் என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். மற்ற ஊர்க் கடைகளின் கதை யாராவது தேடினால்தான் கிடைக்கும். அந்தத் தேடலை எங்கே தொடங்குவது என்று இங்கே சொல்கிறேன். முதல் பாதியை சென்னையில் உட்கார்ந்தே இணையத்தில் செய்யலாம்.

படி 1: ஒரு கடை, ஒரு முகவரி

ஒரே ஒரு டீலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், பிராண்ட், பத்து வருடம் போதும். பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. முதலாளி கடையை விற்றால் பெயர்ப்பலகை மாறிவிடும், சில சமயம் பிராண்டும் மாறிவிடும். முகவரியைப் பிடித்துக்கொண்டால் இந்த மாற்றங்கள் எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். சிகாகோவின் கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ் மாதிரி, நின்ற தெருமுனையையே பெயராக வைத்துக்கொண்ட கடை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

ஒரு நோட்டில் வருடத்துக்கு ஒரு வரி போடுங்கள். கடையின் பெயர், முகவரி, பிராண்ட், முதலாளி, இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் நோட்டை நீங்களே நம்ப முடியாது.

படி 2: நகர டைரக்டரி

ஆர். எல். போல்க் நிறுவனம் அமெரிக்க ஊர்களுக்கு நகர டைரக்டரிகளை அச்சிட்டு வந்தது. அதில் தொழில் வாரியாகவும் பார்க்கலாம், தெரு வாரியாகவும் பார்க்கலாம். நமக்குத் தெரு வாரிப் பட்டியல்தான் தங்கம். ஒரே கதவு எண்ணில் வருடா வருடம் யார் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஊர் நூலகத்தில் இருக்கும், ஸ்கேன் செய்து இணையத்திலும் நிறைய வைத்திருக்கிறார்கள்.

கட்டடத்தைப் பார்க்க சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் உண்டு. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இளஞ்சிவப்பு என்றால் செங்கல் கட்டடம், மஞ்சள் என்றால் மரக் கட்டடம்.

படி 3: செய்தித்தாள் விளம்பரம்

உள்ளூர்ப் பேப்பரின் பத்து வருட மைக்ரோஃபிலிமை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் புது மாடல்கள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் ஷோரூமுக்கு வரும். அந்த வாரம் டீலர்கள் பெரிய பெரிய விளம்பரம் கொடுப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு மூன்று வாரத்தை மட்டும் முதலில் பாருங்கள். முதலாளி பெயர், போன் நம்பர், பல சமயம் கட்டடத்தின் படமும் அதிலேயே கிடைக்கும்.

அப்புறம், யாரோ கத்தரித்து வைத்த, தேதி இல்லாத விளம்பரம் கையில் வரும். அதில் முகவரியை உற்றுப் பாருங்கள். 'சிகாகோ 41' என்று இரண்டு இலக்கம் இருந்தால் பழைய தபால் மண்டல எண். '60641' என்று ஐந்து இலக்கம் இருந்தால் நிச்சயம் 1963 ஜூலைக்குப் பிறகு அச்சானது, ஏனென்றால் ஜிப் கோடு அந்த மாதம்தான் வந்தது. பழைய எண்ணைச் சிலர் கொஞ்ச காலம் விடாமல் போட்டிருக்கலாம், அதனால் இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பள்ளி ஆண்டு மலர்களின் பின் பக்கங்களையும் புரட்டுங்கள். உள்ளூர் டீலர்கள் அங்கேயும் விளம்பரம் கொடுப்பார்கள்.

படி 4: காரே சாட்சி

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1958-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அதை மன்ரோனி சீட்டு என்பார்கள். கார் எந்த டீலருக்கு, எந்த ஊருக்குப் போகிறது என்று அதில் அச்சிட்டே ஆக வேண்டும். பழைய உரிமையாளர் யாராவது அதைப் பத்திரமாக வைத்திருந்தால், கடை இருந்ததற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

சீட்டு இல்லாவிட்டால், போன்டியாக்குக்கு பிஎச்எஸ் என்ற சேவை பழைய இன்வாய்ஸின் நகலைத் தரும். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. இரண்டுக்கும் காசு கட்ட வேண்டும்.

ஆனால் இன்வாய்ஸில் இருக்கும் டீலர்தான் காரை விற்றார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் ஒரு சிற்றூர். அங்கிருந்த ஃப்ரெட் கிப் செவ்ரோலே, 1969 மாடலில் 50 இசட்எல்-1 கமாரோக்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அலுமினியத்தில் வார்த்த 427 கன அங்குல எஞ்சின். உலகத்துக்கே மொத்தம் 69 கார்தான் செய்தார்கள். விலை 7,000 டாலரைத் தாண்டியதால் அத்தனையும் அங்கே விற்கவில்லை. பலவற்றை செவ்ரோலே திரும்ப எடுத்து வேறு டீலர்களுக்கு அனுப்பியது. அப்படிப்பட்ட ஒரு காரின் கதையில் இரண்டு ஊர் இருக்கும், இரண்டையும் எழுத வேண்டும்.

டிக்கியில் ஒட்டியிருக்கும் டீலர் எம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பிரபலமான கடைகளின் எம்பளத்தை இன்றைக்குப் புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

படி 5: மனிதர்கள்

ஐந்தாவதாகச் சொல்கிறேன் என்பதற்காகக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம். 1969-இல் 25 வயதில் ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்குக்கு இப்போது 80 தாண்டியிருக்கும். கையில் ஒரு விளம்பரத்தின் நகல் கிடைத்த உடனே போய்விடுங்கள். 'பழைய கதை சொல்லுங்கள்' என்று கேட்டால் பேச்சு எங்கெங்கோ போகும். விளம்பரத்தை மேஜையில் வைத்து, 'சர்வீஸ் பே எந்தப் பக்கம் இருந்தது? சாவி எங்கே மாட்டுவீர்கள்? சனிக்கிழமை யார் வருவார்கள்?' என்று கேளுங்கள். பெயர்கள் தானாக வரும். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். சொன்ன வருடத்தை அப்புறம் டைரக்டரியோடு ஒத்துப் பாருங்கள். வருடம் தவறலாம், ஆனால் யாரோடு யார் வேலை பார்த்தார்கள் என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

படி 6: எப்படி மூடியது?

கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பத்திர அலுவலகத்தில் அந்த மனையின் கைமாற்றங்கள் இருக்கும். பிராண்டே நின்றுபோனதா என்றும் பாருங்கள்: பிளைமவுத் 2001-இல், ஓல்ட்ஸ்மொபைல் 2004-இல், போன்டியாக் 2010-இல் முடிந்தன. 2009 திவாலின்போது கிரைஸ்லர் மட்டும் 789 டீலர்களின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. உங்கள் கடை அந்த வருடம் மூடியிருந்தால் அன்றைய உள்ளூர்ப் பேப்பரில் முதலாளியின் பேட்டியே இருக்கலாம்.

சேர்த்ததில் ஒரு நகலை அந்த ஊர் நூலகத்துக்கோ வரலாற்றுச் சங்கத்துக்கோ கொடுங்கள். புகைப்படங்களின் பின்னால் இடம், வருடம், யார் தந்தது என்று பென்சிலில் எழுதிக் கொடுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும்.