பூச்சு வேலைக்கு ரெண்டு மரக்குதிரை அடிக்கிறது எப்பிடி

எங்கட முள்ளியவளை வீட்டுக்கு உள்பூச்சு பூசேக்க வாடகைச் சாமான் தேடி அலையாம நானே ரெண்டு குதிரை, அதுதான் மேல பலகை போட்டு ஏறி நிக்கிற மரத் தாங்கி, அடிச்சனான். முதல் சோடி மூண்டாம் நாளே கீழ இறங்கி இருந்துபோச்சு, மேசன் அண்ணைக்குக் கால் பிரண்டு ஒரு கிழமை வேலையில்லை, அந்தக் கவலையில திரும்ப யோசிச்சு அடிச்சதுதான் இது. வாள் பிடிக்கத் தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் எழுதுறன்.

ஒரு குதிரைக்கு 2க்கு 4 இஞ்சி மரத்தில 3 அடி மேல்வளை (பலகையைத் தாங்க மேல கிடையா வாற மரம்) ஒண்டு, 2க்கு 3 இல 4 அடி 4 இஞ்சிக் கால் நாலு, குறுக்குப் பட்டையள்.

முதல்ல சீமெந்துத் தரையில சோக்கால உண்மை அளவிலேயே கீறுங்கோ. 4 அடி நேர்க்கோடு, அடியில ரெண்டு பக்கமும் 1 அடி தள்ளிப் புள்ளி, உச்சியில இருந்து அதுகளுக்குக் கோடு. காலை அந்தக் கோட்டில படுத்திப்போட்டு அடையாளம் பண்ணினா பாகைக் கணக்கே தேவையில்லை.

இனித்தான் நான் பிழைவிட்ட இடம். முதல் சோடியில மேல்வளைக்கு ரெண்டு பக்கமும் காலை வைச்சு ஆணி மட்டும்தான் அடிச்சனான், ரெண்டுபேர் சாந்துத் தாச்சியோட ஏற ஆணி வளைஞ்சு வளை கீழ இறங்கிட்டுது. பாரம் ஆணியில தொங்கக் கூடாது, காலில குந்த வேணும். கால் உச்சியில உள்பக்கம் அரை இஞ்சி ஆழம், 4 இஞ்சி உயரத்துக்கு வெட்டி எடுங்கோ, வளை அந்தப் படியில இருக்கும். கவனம், படியைக் காலுக்குக் குறுக்க நேரா வெட்டினா கால் சரியேக்க படியும் சரிஞ்சிடும், தரைக்குச் சமாந்தரமா, சோக்குக் கோட்டைப் பாத்து வெட்ட வேணும். பிறகு 3 நூல் (எட்டில மூண்டு இஞ்சி) போல்ட் போட்டு இறுக்குங்கோ, ஆணியை நான் இனி நம்பமாட்டன். முதிரை, பாலை மாதிரி வைர மரம் எண்டா துளை போடாம ஒண்டும் இறங்காது.

அடியில இருந்து 1 அடி உயரத்தில சோடிக் கால்களை விரியாமல் பட்டையால கட்டுங்கோ. நீளப்பக்கத்துக்கு மூலைக்கு மூலை சாய்வா ஒரு பட்டை கட்டாயம், நாலுமூலைச் சட்டம் தள்ளினாச் சரியும், முக்கோணம் சரியாது.

ஆட்டம் எடுக்க: மட்டமான தரையில நிப்பாட்டி, கட்டைக்கால் எதுக்கோ அதுக்குக் கீழ சிலும்பு வைச்சு மேல்வளையை நீர்மட்டத்தால சமப்படுத்துங்கோ. ஒரு சின்னக் கட்டைக்கு மேல பென்சிலை வைச்சு நாலு காலையும் சுத்திக் கீறி, கீறின இடத்தில அறுத்தா நாலும் ஒண்டா நிக்கும்.

பலகை 2 இஞ்சித் தடிப்பு, ரெண்டு குதிரைக்கும் இடையில 6 அடி. முனை 8 இஞ்சிக்கு மேல வெளியால நீட்டினா அதில மிதிக்கேக்க மற்ற முனை எழும்பும்.

பிறகு சேர்த்தது: மாரியில கால் மண்ணுக்குள்ள புதையுது எண்டு ஒரு அக்கா எழுதியிருந்தா. ரெண்டு காலுக்கும் சேர்த்து ஒரு நீளப் பலகையைக் கீழ போடுங்கோ, செங்கல் வேண்டாம், வெடிக்கும்.

முல்லைத்தீவில இருந்து ஒரு தம்பி இதில போட் ஏத்தலாமோ எண்டு கேட்டவர். இந்த உயரத்தில வேண்டாம் தம்பி, முழங்கால் உயரத்துக்குக் கட்டையா அடியுங்கோ. பாரம் முழுக்க ஏராவில (போட்டின்ர அடி நடுமரத்தில) இருக்கட்டும், பக்கத்து முட்டு சரியாமல் பிடிக்க மட்டும்தான், முட்டுக்கும் போட்டின்ர பைபர் உடம்புக்கும் இடையில மண் நிரப்பின சாக்கு வையுங்கோ.